பதினாலாம் பெட்டியில் ஒரு தாயின் கடிதம்

அந்த முதியவரைப் பார்த்து மூன்று தடவை 'இல்லை' என்று சொன்னவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை.

லண்டனில் ஓர் ஆவணக் காப்பகத்தில் பதினெட்டு வருடங்களாகப் பட்டியல் எழுதுகிறேன். பெட்டியைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கொம்பியூட்டரில் பதிய வேண்டும். சைப்பிரஸ் தீவை ஆண்ட பிரிட்டிஷ் கவர்னர்களின் பெட்டிகள் என் பொறுப்பு. கவர்னர் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் தனி வரி உண்டு. தீவுச் சனங்கள் கவர்னருக்கு எழுதியவற்றுக்கு, கட்டு எவ்வளவு பெரிதானாலும், ஒரே வரிதான்: 'வந்த கடிதங்கள், பலவகை.' அதுதான் எங்கள் முறை.

முதியவர் வடக்கு லண்டனில் தையற்கடை வைத்திருந்த சைப்பிரஸ்காரர். அவருடைய அண்ணனை அவசரகாலச் சட்டத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. "அம்மா கவர்னருக்கு எழுதினார். அந்தக் கடிதத்தைப் பார்த்தால் போதும்" என்றார். வந்த மூன்று முறையும் பெயரைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பூந்தோட்டங்களைப் பற்றி ஆராயும் ஒருவர் பதினாலாம் பெட்டியைக் கேட்டார். கவர்னர் ரோசாச் செடி வரவழைத்த கடிதங்கள் அதில் இருந்தன. கொடுப்பதற்கு முன் தாள்களைச் சரிபார்த்தபோது அடியில் ஒரு கட்டு அவிழ்ந்தது. யாரோ எழுதிக் கொடுத்த ஆங்கிலம், கீழே பெருவிரல் அடையாளம். 'என் மகனுக்குப் பதினேழு வயது. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.' முதியவர் சொன்ன அதே பெயர். ஓரத்தில் கவர்னரின் பென்சில் எழுத்து: 'பதில் வேண்டாம்.'

என் மகனுக்கும் பதினேழு வயது. உடனே அவனுக்குப் போன் எடுத்தேன். "அம்மா, நான் ஸ்கூல்ல" என்று எரிச்சலோடு வைத்துவிட்டான்.

மனேஜர் குமரன் அண்ணையும் என்னைப் போல யாழ்ப்பாணத்தவர்தான். கடிதத்தை அவர் மேசையில் வைத்து, இனி எழுதியவர்களின் பெயர்களையும் பதிய வேண்டும் என்றேன்.

"தங்கச்சி, ஒவ்வொருத்தற்ற பேரையும் பதியத் தொடங்கினா நீரும் நானும் ரிட்டயர் ஆகேலாது."

"ரோசாச் செடிக்கு ஏழு வரி எழுதியிருக்கிறன் அண்ணை."

"அது கவர்னர் எழுதினது."

"இது கவர்னருக்கு எழுதினது."

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

"ஊரில என்ர தம்பியை ஆமி பிடிச்சுக்கொண்டு போகேக்க எங்கட அம்மாவும் பிரிகேடியருக்கு எழுதினவ. அதுவும் எங்கேயோ ஒரு பெட்டியில பலவகைதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை இதுக்குள்ள கொண்டு வராதையும்" என்றார்.

முதியவரை நானே அழைத்தேன். கடிதத்தின் ஓரத்தை இரண்டு தடவை வாசித்தார். அந்தப் பெருவிரல் அடையாளத்துக்குப் பக்கத்தில், தாளில் படாமல், தன் விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"நான் முதல் தடவை வந்தபோதும் இது இங்கேதான் இருந்ததா?"

"ஓம்" என்று தமிழில்தான் வாயில் வந்தது. தலையையும் ஆட்டினேன்.

"பட்டியல் எழுதியது யார்?"

"நான்தான்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கவர்னராவது வாசித்துவிட்டு எழுதினான்" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து, எழுதியவரின் பெயரை முதலில் பதிகிறேன். நிறுத்தச் சொல்லிக் குமரன் அண்ணை இரண்டு ஈமெயில் அனுப்பிவிட்டார். நான் நிறுத்தவில்லை. புதிதாக வருகிறவர்களே, நீங்களும் கட்டை அவிழ்த்து வாசியுங்கள். வாசிக்காமல் 'பலவகை' என்று எழுதாதீர்கள்.