அத்தானின் கிளட்ச் பாட்டு

என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் அப்படித் தோன்றாது. குடி கிடையாது, சூது கிடையாது, யாரிடமும் குரலை உயர்த்திப் பேச மாட்டார். அவரிடம் இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் பாட்டு அனுப்புவது.

எல்லோரும்தானே அனுப்புகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஊருக்கே தெரிந்த பாட்டாக இருந்தால் பரவாயில்லை, கேட்காமலே கேட்ட மாதிரி பேசிவிடலாம். அத்தான் அனுப்புவது யாருக்கும் தெரியாத ஆட்களின் பாட்டு. எங்கோ ஒரு கார் ஷெட்டில் நான்கு பேர் சேர்ந்து குழு ஆரம்பித்திருப்பார்கள். எங்கோ ஒரு பெண், குளியலறையில்தான் எதிரொலி நன்றாக வருகிறது என்று அங்கேயே உட்கார்ந்து பாடிப் பதிவு செய்திருப்பாள். அவளைப் பெற்றவளே முழுதாகக் கேட்டிருப்பாளா என்பது சந்தேகம். அத்தான் கேட்டிருப்பார். கேட்டதோடு விட்டாலும் பரவாயில்லை. காலையில் நான் பல் தேய்த்து முடிப்பதற்குள் அது குடும்ப குரூப்புக்கு வந்துவிடும். சாயங்காலம் போன் வரும்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன் அத்தான். சூப்பர்."

"எந்த இடம் பிடிச்சுது?"

இதுதான் உயிரை வாங்கும் கேள்வி. வேலை முடிந்து, பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வருபவளிடம் எந்த இடம் பிடித்தது என்று கேட்டால் என்ன சொல்வது? கடைசியில் நானாக ஒரு பதிலைக் கண்டுபிடித்தேன்.

"அந்த நடுவுல வருமே அத்தான், அது."

எல்லாப் பாட்டுக்கும் நடு என்று ஒன்று இருந்துதானே ஆக வேண்டும். "ஆமாம்மா, அந்த இடம்!" என்பார் அத்தான். போனை வைத்துவிடுவார். பெரியம்மா மகன் தப்பிக்க வழி தெரியாமல் திண்டாடியபோது அவனுக்கும் இந்தப் பதிலைத்தான் சொல்லிக் கொடுத்தேன். இப்போது குடும்பத்தில் பாதிப் பேர் இதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அவர் அனுப்பிய ஆட்களில் யாராவது முன்னுக்கு வந்து டிவியில் பாட ஆரம்பித்தால் அன்றோடு அவர்களைக் கைகழுவிவிடுவார். "இனிமே அவங்களுக்கு ஊரே இருக்கு. நான் எதுக்கு?" என்பார். கேட்டுக் கேட்டு நமக்குக் காது பழகிய நேரத்தில், அடுத்த கார் ஷெட்டிலிருந்து அடுத்த நான்கு பேர் வந்து நிற்பார்கள்.

தொழில், டிரைவிங் ஸ்கூல். ஒரே ஒரு கார். முதலாளி, மாஸ்டர், காரைக் கழுவும் ஆள் எல்லாம் அவரே. போன் எடுத்து நேரம் கொடுப்பது அக்கா. பாட்டைக் கேட்கச் சொந்தக்காரர்கள் கிடைக்காத மனிதருக்கு இதைவிட நல்ல தொழில் வாய்க்காது. காருக்குள் மாட்டிய ஆள் எங்கே ஓடுவான்? "கை ரெண்டும் ஸ்டியரிங்ல, கால் ரெண்டும் கீழ. காது சும்மாதானே இருக்கு?" என்பது அவர் வாதம். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பாட்டு மாஸ்டர். அவருக்கு அதில் பெருமை வேறு.

அந்தக் காரில் நானும் போய் உட்கார வேண்டிய நிலை வந்தது. நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறு வாரம் மாலை ஷிஃப்ட். மாலை ஷிஃப்ட் வந்தால் என் மகளை நான் தூங்கும் முகமாகத்தான் பார்ப்பேன். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்க எங்கள் நிலையத்தில் ஒரு வேலை காலியானது. பகல் மட்டும்தான். கார் அவர்களே தருவார்கள், நாமே ஓட்ட வேண்டும். "மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸோட வா, உனக்குத்தான். இல்லன்னா வேற ஆளப் பாத்துடுவேன்," என்றார் எங்கள் மேனேஜர் அம்மா. அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாயங்காலம் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அத்தான் சொல்லிக் கொடுக்கும் விதமே தனி. நேராக ஓட்ட ஒரு பாட்டு, ரிவர்ஸ் எடுக்க ஒரு பாட்டு. எல்லோருக்கும் கஷ்டமானது மேடு. பாதி மேட்டில் காரை நிறுத்தி, பின்னால் உருளாமல், ஆஃப் ஆகாமல் எடுக்க வேண்டும். கிளட்ச்சை எவ்வளவு விடுவது, ஹேண்ட்பிரேக்கை எப்போது விடுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். அதற்கென்று ஒரு பாட்டு வைத்திருந்தார். முதலில் கிடார் மட்டும் வரும். சட்டென்று நிற்கும். பாடுகிற பெண் ஒரு மூச்சு இழுப்பாள். பிறகு டிரம் விழும்.

"மூச்சு இழுக்கறா பாரு, அப்ப கிளட்ச்ச மெதுவா விடு. டிரம் அடிச்சதும் ஹேண்ட்பிரேக்க இறக்கு. அவ்வளவுதான்மா."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், கார் பூப்போல ஏறியது. ஏறியதும் காரைக் கீழே இறக்கச் சொல்லி, பாட்டை மறுபடி முதலிலிருந்து வைப்பார். மறுபடி மூச்சு, டிரம், மேடு. எனக்கே என் கால் மேல் மரியாதை வந்தது.

முதல் டெஸ்டுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் வந்து அத்தானின் இடத்தில் உட்கார்ந்தார். சிரித்தால் வேலை போய்விடும் என்பது போன்ற முகம். முதல் வார்த்தையே, "அத அணைங்க," என்றார். பாட்டை அணைத்தேன். வளைவு, ரிவர்ஸ் எல்லாம் எப்படியோ ஒப்பேற்றினேன். மேட்டில் நிறுத்தினேன். என் கால் எதற்கோ காத்துக்கொண்டே இருந்தது. என்ன என்று தெரியவில்லை. கார் குலுங்கி ஆஃப் ஆனது.

இரண்டாவது டெஸ்டில் ஆஃப் ஆகவில்லை, பின்னால் உருண்டது. இன்ஸ்பெக்டரே தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். "அடுத்த தடவ வாங்க," என்று அசிரத்தையாகச் சொன்னார்.

வெளியே காத்திருந்த அத்தான் காரில் ஏறிக்கொண்டார். அவருக்கு என்னைவிட வருத்தம். "அந்த மேட்டுலயே ஏதோ கோளாறு இருக்கும்மா. சரியா போடல. நம்ம ஸ்கூல் ஆளுங்க எல்லாருமே முதல் தடவ அங்கதான் மாட்டிக்கறாங்க."

"எல்லாருமேவா?"

"அனேகமா எல்லாரும். மத்த ஸ்கூல்காரங்க எப்படியோ ஏத்திடறாங்க."

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. புரிந்த வேகத்தில் ஆத்திரமும் வந்தது. டெஸ்ட் மைதானத்துச் சுவர் ஓரமாகக் காரை நிறுத்தினேன்.

"அத்தான், எங்க கால் கிளட்ச்சுக்காகக் காத்திருக்கல. அந்தப் பொண்ணு மூச்சு இழுக்கறதுக்காகக் காத்திருக்கு. டெஸ்ட்ல பாட்டே கிடையாது. நீங்க எங்களுக்கு கார் ஓட்டக் கத்துக்குடுக்கல. உங்க பாட்டுக்கு ஆடக் கத்துக்குடுத்திருக்கீங்க!"

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. நான் நிறுத்தவில்லை. என் வேலை, என் மகள், காலையில் வரும் பாட்டு, சாயங்காலம் வரும் போன் எல்லாவற்றையும் கொட்டினேன். "யாருக்கு வேணும் இந்தப் பாட்டெல்லாம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார்.

மறுநாள் குரூப்புக்குப் பாட்டு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பெரியம்மா மகன், "அத்தானுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"என்னடி பண்ணின அந்த மனுஷன? வீட்ல ஃபேன் ஓடற சத்தம் கேக்குது. எனக்கு பயமா இருக்குடி."

"உனக்கு நிம்மதிதானே?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாள்.

பாட்டு இருந்தாலும் தொல்லை, இல்லாவிட்டாலும் தொல்லை. இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? பாவமாகவும் இருந்தது, அதைவிட எரிச்சலாகவும் இருந்தது. காரிலும் பாட்டு இல்லை. "கிளட்ச்ச விடு. இன்னும் கொஞ்சம். இப்ப பிரேக்," என்று புத்தகத்தைப் பார்த்துப் படிப்பவர் போலச் சொன்னார். கார் ஆஃப் ஆனது. எத்தனை முறை எடுத்தாலும் ஆஃப் ஆனது. மாசக் கடைசி கழுத்துக்கு வந்துவிட்டது.

"பாட்டப் போட்டுத் தொலைங்க அத்தான்!" என்று கத்தினேன்.

"வேணாம்மா. அங்க இருக்காதே," என்றார். அவர் சொன்னது நியாயம்தான், அதனால் இன்னும் எரிந்தது.

மூன்றாவது டெஸ்ட். அதே இன்ஸ்பெக்டர், அதே முகம். மேட்டில் நிறுத்தினேன். கார் இன்ஜின் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. கால் செத்துக் கிடந்தது. போயிற்று, வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அப்போது என் வாயிலிருந்து, என்னைக் கேட்காமல், "ம்ம்ம் ம்ம், ம்ம்ம் ம்ம்" என்று அந்தக் கிடார் கிளம்பியது. நிறுத்த முயலவில்லை. கிடார் நின்றது. அந்தப் பெண்ணைப் போலவே ஒரு மூச்சு இழுத்தேன். கால் தானாக எழுந்தது. "டும்" என்று நானே சொல்லி ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். கார் ஏறியது.

"நிறுத்துங்க," என்றார் இன்ஸ்பெக்டர், உச்சியில்.

பாடியது குற்றமோ என்று எனக்கு வியர்த்துவிட்டது.

"நீங்களும் அந்த ஸ்கூலா?"

"ஆமா சார்."

அவர் பேனாவை மூடினார். "ரெண்டாவது தடவ, மூணாவது தடவன்னு வர்ற அந்த ஸ்கூல் ஆளுங்க எல்லாரும் இந்த மேட்டுல இதத்தான் முணுமுணுக்கறாங்க. ஒருத்தராவது முழுசா பாடறாங்களா? கார் ஏறினதும் நிறுத்திடறாங்க! எனக்கு அது மண்டைக்குள்ள மாட்டிக்கிட்டு சுத்துது. குளிக்கும்போது அதான், சாப்பிடும்போது அதான். 'டும்'முக்கு மேல என்ன வருதுன்னே தெரியல. எங்க வீட்டம்மா, அப்புறம் என்னன்னு கேக்கறாங்க. டெஸ்ட் எடுக்கறவன் உங்ககிட்ட பாட்டு கேட்டா நல்லாவா இருக்கும்? இன்னிக்கு பொறுமை போயிடுச்சு. என்ன பாட்டும்மா அது?"

"சார், நான் பாஸா?"

"பாஸ்தான், பாஸ்தான். பாட்டச் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. பேர் தெரியவில்லை, பாடியது யார் என்று தெரியவில்லை. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், எல்லாம் டிரம் வரைக்கும்தான். அது குரூப்பில் வந்த அன்றும் நான் அதைத் திறந்து பார்க்கவில்லை.

காரை வாசலுக்குக் கொண்டுவந்தேன். அத்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பாஸ் என்றதும் கண்ணை மூடித் திறந்தார். இன்ஸ்பெக்டர் இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். பாஸான எவரும் எப்படி ஏற்றினோம் என்று மாஸ்டரிடம் சொன்னதில்லை, அதனால் மேட்டில் தன் பாட்டு முணுமுணுக்கப்படுவது இவருக்கு இதுவரை தெரியாது. அவர் பின் சீட்டில் ஏறி, போனில் அந்தப் பாட்டை வைத்தார்.

அடுத்த ஆளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நிற்கிற காரில் மூன்று பேரும் கேட்டோம். கிடார், மூச்சு, டிரம். இன்ஸ்பெக்டர் முன்னால் சாய்ந்தார். அந்தப் பெண் பாடிக்கொண்டே போனாள். நடுவில் எதுவோ கீழே விழும் சத்தம், தட்டோ டம்ளரோ. பாட்டு தடுமாறியது. பாட்டுக் குழுவினர் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். அதை வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டே அவள் விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கத் தெரியாத அந்த இன்ஸ்பெக்டரின் தோள் குலுங்கியது.

பாட்டு முடிந்ததும் அவர் பேரைக் கேட்டுப் போனில் ஏற்றிக்கொண்டார். "இன்னும் இவங்க வேற ஏதாவது பாடியிருக்காங்களா?" என்று கேட்டார். அத்தான் தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் இறங்கிப் போன பிறகு அத்தான் முன் சீட்டுக்கு வந்தார். அந்தக் கேள்வி வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. சுவர் ஓரத்தில் நான் கத்தியதிலிருந்து அவர் அதைக் கேட்பதை விட்டுவிட்டார்.

"அத்தான்."

"ம்?"

"அந்த நடுவுல வருமே, அது."

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தெரியும்மா. இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் கேட்டிருக்க," என்றார். கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னார். "சரி, வண்டிய எடு. குழந்த பள்ளிக்கூடம் விட்டுடும்."