ஏழாம் நம்பர் கிணறு

ஆலிஸோடு கடைக்குப் போகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். பாண்டி பஜாரில் ஒரு போர்வை வாங்குவதற்குள், எந்த ஊர்த் தறி, சாயம் எங்கே போட்டது, யார் கொண்டுவந்து கொடுத்தது என்று கடைக்காரரைத் துளைத்து எடுத்துவிடுவாள். "பொண்ணு பாக்கப் போன எங்கிட்டயே ஞானஸ்நான சர்ட்டிபிகேட் கேட்டவ இவ" என்று கணவர் மேத்யூ வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கேட்டது உண்மைதான்.

சாந்தோமில் வீடு; அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் வேலை. அதோடு டாக்டர் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தாள். கடலோரக் கிணறுகளில் உப்பு எப்படி ஏறும் என்று கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்ப்பது அவள் ஆராய்ச்சி. கம்ப்யூட்டர் சொல்லும் உப்பும், கிணற்றுத் தண்ணீரில் அளந்த உப்பும் ஒத்துப்போனால் சோதனை ஜெயம்.

1995 தொடக்கத்தில் ஒத்துப்போனது. அப்படியொரு பொருத்தம்! இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. வழிகாட்டி கல்யாணராமன் காப்பி வரவழைத்தார். அவர் ஜூனில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஆறு வருஷ உழைப்பு அந்தரத்தில் தொங்கும்.

போர்வைக்குப் பூர்வீகம் கேட்டவள் அந்தக் கோடுகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல செய்தியை யார்தான் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்?

ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு டப்பா இனிப்போடு கச்சேரி ரோடு பக்கம் போனாள். எல்லாவற்றிலும் அழகாகப் பொருந்தியது ஏழாம் நம்பர் கிணறு. அங்கே ஜைதூன் பீ என்ற பெரியம்மாவின் வீட்டுக் கொல்லையில் இருந்தது. அதை ஒருதரம் எட்டிப் பார்க்க ஆசை.

"கிணறு ஏதும்மா?" என்றார் ஜைதூன் பீ. "போன வருசம் பொங்கலுக்கே மூடிட்டாங்கோ. ஃப்ளாட் கட்டிக்கினு கீறாங்கோ, பாரு."

கொல்லையில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. போன வருஷம் முழுக்க அந்தக் கிணற்றில் அளந்த உப்பு, மாதாமாதம் அவள் அட்டவணையில் இருந்தது. இனிப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனாள். இந்த ஃபைல் எதிலிருந்து வந்தது, அதை எழுதியது எந்தப் புரோகிராம், அதற்கு முன்னால் என்ன? மாலைக்குள் வேர் கிடைத்துவிட்டது. தண்ணீர் எடுக்கப் போகும் ஊழியர், கிடைக்காத மாதங்களைக் காலியாக விட்டுத்தான் கொடுத்திருந்தார். சுவரில் மாட்டும் வரைபடத்தில் கோடு அறுந்து தெரியக் கூடாதென்று, அந்தக் காலியிடங்களைத் தன் சோதனை சொன்ன எண்களாலேயே நிரப்பும்படி ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள் ஆலிஸ். அழகுக்காக நிரப்பிய அந்த ஃபைலையே பிறகு அளந்த ஃபைல் என்று எடுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் தன் விடைத்தாளைத் தானே திருத்தி நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டிருந்தது. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்!

"எக்ஸாமினர் இவ்வளவு தூரம் நோண்டிண்டு உக்காரமாட்டார்" என்றார், விஷயத்தைக் கேட்ட கல்யாணராமன். "ஜூன் போனா நான் இல்லை, ஞாபகம் வெச்சுக்கோம்மா."

"ஞாபகம் இருக்கு சார். ஆனா இல்லாத கிணத்துக்கு நான் எப்படி சார் உப்பு சொல்றது?"

அவர் கோபமாக ஃபைலை மூடினார். அவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நியாயமாக நடந்துகொண்டால் நிம்மதி வரும் என்று சொல்கிறவர்கள் அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நிரப்பிய எண்களை எல்லாம் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். படுத்திருந்த கோடுகள் பாதி இடங்களில் ஆளுக்கொரு பக்கம் போயின. ஜூன் வந்தது, போனது. புது வழிகாட்டி தேடி நாலு வாசல் ஏறி இறங்கினாள். ஒவ்வொரு எண்ணோடும் அது அளந்ததா, கணக்கிட்டதா, எந்த ஃபைலிலிருந்து வந்தது என்ற விவரமும் சேர்ந்தே போகும்படி புரோகிராமை மாற்றி எழுதினாள். கோடுகள் ஏன் விலகுகின்றன என்பதே கடைசியில் அவளுடைய ஆய்வேடு ஆயிற்று.

அடுத்த வருஷக் கடைசியில் வாய்மொழித் தேர்வு. பின்வரிசையில், அழைக்காமலே வந்து உட்கார்ந்திருந்தார் கல்யாணராமன். வெளியூர்ப் பேராசிரியர் ஆய்வேட்டைப் புரட்டி ஓர் இடத்தில் விரல் வைத்தார்.

"ஏழாவது கிணற்றுக்கு நேரே ஏன் இத்தனை காலியிடம்?"

"அங்கே கிணறே இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்" என்றாள் ஆலிஸ்.

பின்வரிசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.