இடுப்பளவு உயர்ந்த கை

என் வலக்கையை மூன்று மாதம் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தேன். யாரும் கட்டச் சொல்லவில்லை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மாளின் பெயரைச் சொல்லி நானேதான் கட்டினேன். அந்தக் கட்டு அவிழ்ந்ததைத்தான் அம்மாளின் அடியார்களாகிய உங்களுக்கு எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்தவனல்ல. வாயால் சொல்வதுபோலத்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1962ஆம் ஆண்டு மாசி மாதம். முரசுமோட்டையில் அரசு தந்த எங்கள் குடியேற்றக் காணியில் அரிவு வெட்டு முடிந்து, கதிர்க்கட்டுகளை வண்டிலில் ஏற்றிக்கொண்டிருந்தோம். உச்சியில் நின்ற நான் சறுக்கி வலது தோள் அடிபட விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் சட்டைக் கை நுழையாத அளவுக்குத் தோள் வீங்கியது. நொச்சி ஒத்தடம், எண்ணெய், பத்துப் போடுதல், எல்லாம் பார்த்தோம். வெளிவீக்கம் வடிந்தது. உள்ளே நெருப்பு அணையவில்லை. சட்டை போட என் மனைவி பூமணி வேண்டும். சோறு இடக்கையால். பிள்ளைகள் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சாப்பிட்டேன்.

சித்திரையில் விதைக்கிற சிறுபோகம் விதைக்காமல் போனது. எங்கள் காணிகளை அனுமதி பெற்றவனேதான் செய்ய வேண்டும். பிறருக்குக் கொடுக்கவும் கூடாது, தரிசாக விடவும் கூடாது. காணிக் கந்தோரிலிருந்து மேற்பார்வைக்கு வரும் ஓவசியர் சைக்கிளில் வந்து வரம்பில் நின்றார்.

“கந்தையா, காலபோகமும் இப்பிடிக் கிடந்தால் நான் மேலுக்கு எழுதத்தான் வேணும். பிறகு என்னை ஏசாதையும். காணிக்கு எத்தினை பேர் வரிசையில நிக்கினம் தெரியுமோ?”

பக்கத்துக் காணிச் சின்னத்தம்பி, “நான் விதைச்சு விடுறன்” என்றார்.

“நீர் விதைச்சால் காணி கைமாறிப் போச்செண்டு எழுதுவன். உம்மட பேரையும் சேர்த்து” என்று சொல்லிவிட்டு ஓவசியர் சைக்கிளைத் திருப்பினார்.

யாழ்ப்பாணத்தில் இருந்த துண்டு நிலத்தைத் தங்கையின் சீதனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவன் நான். திரும்பிப் போக இடமில்லை.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போனேன். அத்தனை சனத்தின் கைகளும் தலைக்கு மேல் கூப்பியிருந்தன. என் கை மட்டும் எழவில்லை. அந்த இடத்தில் எனக்கு என்ன வந்ததோ தெரியாது. “தாயே, இந்தக் கையை இனி நான் அசைக்கமாட்டன். நீ சொன்னால்தான் அவிழ்ப்பன்” என்று நேர்ந்து, சால்வையால் நெஞ்சோடு இறுக்கிக் கட்டினேன். கட்டியதும் வலி கொஞ்சம் அடங்கியது. அதை அம்மாளின் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் இருந்தபடி எல்லாருக்கும் வேலை ஏவுவேன். “கைதான் செத்துப்போச்சு, வாய்க்கு ஒரு குறையுமில்லை” என்பாள் பூமணி. ஆடி மாதம் அந்தப் பகிடியையும் அவள் விட்டுவிட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கை மெலிந்து பிள்ளையின் கைபோல் ஆகிவிட்டது. வாய்க்கால் கதவடியில் தண்ணீரைப் பார்த்தபடி தனியே நின்ற பின்னேரங்கள் உண்டு. என்ன யோசித்தேன் என்பதை இங்கே எழுதவில்லை.

ஆவணியில் பூமணி என்னை இழுத்துக்கொண்டு ரயிலேறி வவுனியாவுக்குப் போனாள். ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டுக் கடைசி அறைக்கு அனுப்பினார். சனங்கள் அதை ‘லைற் பிடிக்கிற அறை’ என்றார்கள். உள்ளே ஒரு கதிரை, ஆள் உயரத் தாங்கியில் சிவப்பாக எரியும் ஒரு விளக்கு. அதைப் பார்த்துக்கொள்ளும் நேர்ஸ் பிள்ளை என் சால்வையைத் தொட்டுப் பார்த்தது.

“ஆர் ஐயா இதைக் கட்டினது?”

“நான்தான் பிள்ளை. அம்மாளுக்கு நேந்தது.”

“வீக்கம் இன்னும் உள்ளுக்கை கிடக்கு. இந்த வெளிச்சம் அதை வத்தப் பண்ணும். ஆனா கட்டி வைச்ச கைக்கு வெளிச்சம் பிடிச்சுப் பிரயோசனமில்லை. அசைக்க வேணும். இப்பிடியே விட்டியளெண்டா மூட்டு முழுக்க இறுகிப்போகும்.”

“அவ சொல்லாமல் அவிழ்க்கேலாது.”

“எவ?”

நான் மேலே பார்த்தேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. விளக்கை அணைத்தது. “அப்ப அவவிட்டைக் கேட்டுக்கொண்டு வாங்கோ. நான் இஞ்சைதான் இருப்பன்.”

திரும்பும்போது மாங்குளத்தில் ரயில் நின்றது. பூமணி யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “உங்கட கைக்கு நீங்கள் நேந்தனீங்கள். எனக்கும் பிள்ளையளுக்கும் ஆர் நேந்தது?”

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸேறி வற்றாப்பளைக்குப் போனோம். கோயிலில் சனமில்லை. சந்நிதியில் நின்று கேட்டேன். அழுது கேட்டேன். அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பூக்கூட விழவில்லை, பல்லிகூடச் சொல்லவில்லை. அவள் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்றே நினைத்தேன். அப்படி நினைத்ததை உங்களுக்கு ஒளிக்கமாட்டேன்.

பூசை முடிந்து பூசாரியார் திருநீற்றுத் தட்டோடு வந்தார். இடக்கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

“சோத்துக்கையை நீட்டு.”

“கட்டியிருக்கு ஐயா.”

“தெரியுது. இடக்கையில நான் குடுக்கிறதில்லை. அவிழ்.”

“அவ அவிழ்க்கச் சொன்னால்தான்…”

“அவவின்ர திருநீறு இந்தா நிக்குது. வாங்கிறதெண்டால் அவிழ். இல்லாட்டி விலத்தி நில், பின்னால ஆள் நிக்குது.”

பின்னால் நின்றது பூமணி மட்டும்தான். நான் திரும்புவதற்குள் அவளுடைய விரல்கள் முடிச்சில் இருந்தன.

எத்தனை வருடம் அந்த வாசலில் திருநீறு வாங்கியிருக்கிறேன். நேர்த்தி வைத்த அன்று, அம்மாள் எனக்குத் தருவது இந்தக் கையில்தான் என்ற நினைப்பு வரவேயில்லை. வாங்குகிற கையைக் கட்டி வைத்துவிட்டுத் தரவில்லையே என்று அழுதிருக்கிறேன்.

சால்வை விழுந்தது. கை தொங்கியது. உயர்த்தப் பார்த்தேன், ஓரங்குலம்கூட எழவில்லை. பூசாரியார் குனிந்து, தட்டை என் தொடையளவுக்குத் தாழ்த்தி, உள்ளங்கையை விரித்துத் திருநீற்றை வைத்தார். “நீ உயர்த்தாட்டி என்ன, அவ குனிஞ்சு தாறா” என்றார்.

புரட்டாதி முழுவதும் வவுனியாவில் பூமணியின் உறவுக்காரர் வீட்டில் தங்கி அந்த விளக்கின் கீழ் இருந்தேன். சத்தமில்லை, தொடுகையில்லை. சூடு மட்டும் தோலைக் கடந்து உள்ளே இறங்கும். அம்மாளின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். சூடு கூடினால் கெதியாகச் சுகம் வரும் என்று ஒருநாள் தோளை விளக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

“சுட்டுத் தின்ன நீங்கள் என்ன பனங்கிழங்கே? தள்ளி இருங்கோ” என்று அந்தப் பிள்ளை ஏசியது.

விளக்குக்குப் பிறகு சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்ற வேண்டும். ஏறிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. முதல் வாரம் முழுக்க ஒரே கோடுதான். கோடு தடித்ததே தவிர உயரவில்லை. இதற்காகவா அவிழ்த்தேன் என்று வெட்கமாக இருந்தது. பிறகு ஒருநாள் முழு இரவும் நித்திரை கொண்டேன். வீக்கம் வற்றத் தொடங்கியது. கோடு இடுப்புக்கு வந்தது, பிறகு நெஞ்சுக்குக் கிட்ட வந்து நின்றுவிட்டது.

“தலைக்கு மேல இனி வராது ஐயா. உங்களுக்கு நான் பொய் சொல்லேலாது” என்றது பிள்ளை.

ஐப்பசி மழை விழுந்தது, காலபோக விதைப்பு தொடங்கியது. விதைப்பவனின் கை தலைக்கு மேல் போவதில்லை. விதைநெல் நிறைந்த ஓலைக் கடகத்தை இடக்கையால் அணைத்து, வலக்கையை இடுப்பளவில் வீசினால் போதும். எனக்கு அருளப்பட்டது அவ்வளவுதான், அவ்வளவும் அளந்ததுபோல் இருந்தது. மற்றவர்கள் ஒரு நாளில் விதைத்ததை நான் நாலு நாளில் விதைத்தேன். ஒவ்வொரு வரம்பிலும் நின்று மூச்சு வாங்க, பூமணி கடகத்தை நிரப்பினாள். ஓவசியர் வந்து நெடுநேரம் பார்த்தார். “விதை ஒரு பக்கமாய்ச் செறிஞ்சு போச்சு, கந்தையா” என்றார். சைக்கிளில் ஏறிப் போனார். மேலிடத்திலிருந்து கடிதமும் வரவில்லை.

அந்தப் போகம் பாதி வெள்ளத்தில் அழுகியது. தோள் மழைக்காலத்தில் இன்றும் குடையும். வைகாசிப் பொங்கலில் எல்லாருடைய கைகளும் தலைக்கு மேல் எழும்போது என் கைகள் நெஞ்சுக்குக் கீழே கூப்பி நிற்கின்றன. பார்க்கிறவர்கள் பக்தி குறைந்தவன் என்று நினைக்கக்கூடும். ஆனால் காணி எங்களிடம் இருக்கிறது. பூமணி மறுபடியும் என்னைப் பகிடி பண்ணுகிறாள்.

அடியார்களே, உங்களில் எத்தனையோ பேர் இப்போது நான் நின்ற இடத்தில் நிற்பீர்கள். கேட்டும் பதில் வராமல் திரும்பிப் போகப் பார்ப்பீர்கள். திருநீறு வரும்வரைக்கும் நில்லுங்கள். நேர்த்தி என்று சொல்லி உங்களை நீங்களே கட்டிப்போடாதேயுங்கள். கை எவ்வளவு எழும்புமோ அவ்வளவுக்கு நீட்டுங்கள். மிச்சத்துக்கு அவள் குனிவாள்.