பத்தாவது அந்துப்பூச்சி

ஆறாம் ஆண்டில் படித்தபோது, அந்துப்பூச்சிகளைப் பற்றி என்னளவுக்கு அறிந்தவர் உப்புவெளியிலேயே இல்லை என்று நம்பியிருந்தேன். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் விஞ்ஞான ரீச்சர் ஓர் ஒப்படை தந்திருந்தார். சுற்றாடலில் காணும் பத்து வகை அந்துப்பூச்சிகளைச் சேர்த்து ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் வாழிடத்தை எழுத வேண்டும். மற்றப் பிள்ளைகள் நாலைந்தோடு களைத்துப்போனார்கள். நான் விடுகிற ஆளில்லை. அலரியில் இருந்த பச்சைப் புழுவைப் போத்தலில் வளர்த்து, அது சிறகு விரித்த அன்றே குண்டூசியால் குத்தினேன். முருங்கை மயிர்க்கொட்டிப் புழு, அரிசி வாளியில் பறக்கும் அந்து, சுள்ளிகளைப் போர்த்துக்கொண்டு வேலியில் தொங்கும் புழு, கடற்கரை விடுதி ஒன்றின் வாசல் லைற்றடியில் செத்து விழுந்தவை என்று ஒன்பது சேர்ந்துவிட்டன.

பத்தாவதுக்கு ரீச்சரே வழி சொன்னார். பூசணி விதை போன்ற கூட்டுக்குள் இருந்துகொண்டு சுவரில் ஊர்கிறதே, அதுவும் ஓர் அந்தின் புழுதானாம். அலுமாரிக்குள்ளும் இருக்குமாம். தோய்த்த உடுப்பைவிட வியர்வை பட்ட உடுப்பைத்தான் விரும்பித் தின்னுமாம்.

அப்பா அப்போது வீட்டில் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலை துறைமுகப் பக்கம் வேலைக்கென்று சைக்கிளில் போனவர். அவரும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. அம்மா அவரைத் தேடி ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவார். வருவார் என்று அம்மா சொன்னதால் எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

அலுமாரியின் அடித்தட்டில் இறுக்கிக் கட்டிய பை ஒன்று இருந்தது. நான் அதைத் தொடக்கூடாது. சில பின்னேரங்களில் அம்மா அதன் வாயைக் கொஞ்சமாகத் திறந்து, முகத்தை உள்ளே விட்டபடி இருந்துவிட்டு, மறுபடி கட்டிவைப்பார். பூச்சி பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

மூதூரில் யாரோ அப்பாவைப் போல் ஒருவரைக் கண்டதாகக் கதை வந்து அம்மா அங்கே போன ஒருநாள், பள்ளிக்கூடம் விடுமுறை. நான் பையை அவிழ்த்தேன். உள்ளே அப்பாவின் நீலச் சட்டை. போவதற்கு முதல்நாள் கழற்றி ஆணியில் மாட்டியது, தோய்க்காமல் அப்படியே இருந்தது. கழுத்துப்பட்டியிலும் கமக்கட்டிலும் ஓட்டைகள். புழுக்கூடுகள் ஆறு. அவற்றில் ஒன்று சட்டையின் நீல நூலையே தன் கூட்டோடு சேர்த்துப் பின்னியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகுதான் கோபம் வந்தது. அப்பா வந்தால் எதைப் போடுவார்? மூன்று தரம் சவர்க்காரம் போட்டேன். கழுத்துப்பட்டியின் கறுப்பு ஊத்தை போகும்வரை பிரஷால் தேய்த்தேன். என் சட்டையைக்கூட நான் அப்படி முறிந்து தேய்த்ததில்லை. உட்புறத்தை வெளியே திருப்பி நல்ல வெயிலில் கொடியில் காயப்போட்டு, பைக்குள் பூச்சி உருண்டை மூன்றைப் போட்டுவைத்தேன்.

அம்மா பின்னேரம் வந்தார். மூதூரில் கண்ட ஆள் அப்பா இல்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. கொடியைக் கண்டதும் அப்படியே நின்றார். பிறகு சட்டையை உருவி எடுத்துக் கழுத்துப்பட்டியில் முகத்தைப் புதைத்தார். அடுத்துக் கமக்கட்டில். மறுபடியும் கழுத்துப்பட்டியில்.

“ஆர் இதைத் தோய்ச்சது?”

“நான்தான் அம்மா. அந்து அரிச்சுப்போட்டுது. அப்பா வந்தாப் போடவேணுமெல்லோ.”

பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அம்மா மிகவும் மெதுவாகக் கேட்டார்.

“தோய்ச்ச தண்ணியை எங்கை ஊத்தினனி?”

“வாழையடியில.”

அம்மா வாழையடிக்குப் போய்க் குந்தினார். ஈர மண்ணை ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். சவர்க்காரம்தான் மணத்திருக்கும். இருட்டும்வரை அவர் எழும்பவில்லை. நான் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் புழுக்களும் அம்மாவும் இரண்டு வருடமாக ஒரே மனிதரின் வியர்வையை நம்பி இருந்திருக்கிறார்கள். ஒரே காலையில் இரு தரப்பையும் நான் முடித்துவிட்டேன். அப்பா இன்றுவரை வரவில்லை.

நீல நூல் பின்னிய கூட்டை ஒப்படையில் ஒட்டி, எதிரே ‘வாழிடம்: அலுமாரி’ என்று எழுதினேன். ரீச்சர் முழுப் புள்ளியும் போட்டார்.

சவர்க்காரத் தண்ணீர் வாழையைப் பட்டுப்போகச் செய்துவிடும் என்றுதான் அம்மா கவலைப்படுகிறார் என அப்போது எண்ணினேன். அடுத்த முறை உடுப்புத் தோய்த்தபோது, தண்ணீரை வாளியோடு சுமந்துபோய் வேலிக்கு வெளியே ஊற்றினேன். பிறகு ஓடிவந்து, இந்த முறை வாழைக்கு ஒன்றும் ஆகாது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.