போணிக்கு முன் விழுங்கிய ரத்தம்

பல் சுத்தம் செய்யும் ஸ்கேலிங் மெஷின் சத்தம் கேட்டதுமே நாற்காலியை விட்டு எழுந்து ஓடியவர்கள் என் ராயபுரம் கிளினிக்கில் நிறையப் பேர். காசிமேட்டில் மீன் விற்கும் தேசம்மா வாசல் வரைக்கும் போய்விட்டார்.

"இன்னா டாக்டரம்மா நீ? வயிறு எரியுதுன்னு வந்தா பல்ல நோண்டுற! அந்த வயித்து டாக்டருக்கு மூள கீதா இல்லியா, உன்னாண்ட அனுப்பிக்கீறாரு?"

வயிற்று டாக்டருக்கு மூளை நன்றாகவே இருந்தது. எண்டோஸ்கோப்பி செய்து, சதை எடுத்துப் பரிசோதித்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் என்னிடம் அனுப்பியிருந்தார். தேசம்மா நம்பவில்லை. அவர் கணவர் வயிற்றில் புற்றுநோய் வந்து இறந்தவர். அவருக்கும் எரிச்சலில்தான் ஆரம்பித்ததாம். தனக்கும் அதுதான், டாக்டர் மறைக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டார். மகளிடம்கூட மூச்சு விடவில்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உக்காருக்கா. மெஷின் வைக்கல. வாய மட்டும் தொற."

ஐயோ, என்ன வாய் அது! ஈறோரம் ப்ரோப் என்கிற அளவுக் கம்பியை வைத்தால், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தில் ஆழமாக இறங்குகிறது. ரத்தத்தோடு சீழும் வருகிறது. கடைவாய்ப் பற்கள் ஆடின. வயிற்றுச் சூடு மேலே ஏறித்தான் ஈறில் ரத்தம் வருகிறது என்று நினைத்து, ப்ரஷ்ஷையே விட்டுவிட்டிருந்தார்.

"கடையில இருக்கும்போது ரத்தம் வந்தா துப்பிடுவியா?"

என்னை விநோதமாகப் பார்த்தார். "போணி ஆவறதுக்கு முன்னாடி கடையாண்ட எவளாச்சும் துப்புவாளா? யாவாரம் வெளங்குமா? முழுங்கிக்குவேன்."

"சோறு?"

"மெல்ல எங்க முடியுது? தண்ணி ஊத்தி உள்ள தள்றதுதான்."

"அப்ப வெறும் வயித்துல ரத்தமும் சீழும், அதுக்கு மேல மெல்லாத சோறு. அந்த வயிறு இன்னாதான் பண்ணும், சொல்லு?"

எரிச்சலுக்கு ஈறு மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஈறு நோய்க் கிருமிகள் குடலையும் பாதிக்கலாம் என்கிறார்கள். இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் இந்த வாயை வைத்துக்கொண்டு வயிறு எப்படித் தேறும்?

"அப்ப... எனக்கு அந்த வியாதி இல்லியா?"

"இல்லக்கா. சதைய எடுத்தே பாத்துட்டாங்க."

நாற்காலியிலேயே தேம்பித் தேம்பி அழுதார். என் கண்ணும் கலங்கிவிட்டது.

அப்புறம் மெஷினுக்கு வாய் திறந்தார். பல நாள் வரவழைத்து ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தேன். ஆடிய பற்களில் இரண்டை எடுக்க வேண்டியிருந்தது. வயிற்று மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அது அந்த டாக்டர் பாடு. ஈறில் ரத்தம் என்று வருகிறவர்களிடம் துப்புகிறீர்களா, விழுங்குகிறீர்களா என்று அன்றிலிருந்து கேட்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களே, நீங்களும் வெட்கப்படாமல் கேளுங்கள்.

கடைசி சிட்டிங்குக்கு வந்தபோது தேசம்மாவின் முகம் தெளிந்திருந்தது. எரிச்சல் கொஞ்சம் மிச்சமிருக்கிறதாம், ஆனால் மென்று சாப்பிட முடிகிறதாம்.

"பொண்ணாண்ட சொன்னியாக்கா?"

"சொன்னேன். 'சாவப்போறோம்னு தனியா நெனச்சிகினு என்னாண்ட சிரிச்சிகினு இருந்தியா'ன்னு முதுவுல வெச்சா பாரு ஒரு அடி! அப்பால என்னிய வுடவே இல்ல டாக்டரம்மா. பொழுது விடியற வரிக்கும் கட்டிப் புடிச்சிகினே படுத்துகினா."