பழைய சாயலில் ஒரு புதிய பிஸ்டல்

"உது வீட்டுக்குள்ளை வந்தால் நான் வெளியிலை போயிடுவன்" என்று என் கணவர் சொன்னபோது நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்த மனிதர் 'போயிடுவன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "சரி, சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றேன். எனக்கு வாய் அப்படி. கடுகு கருகியதைக் கவனிக்கவில்லை.

'உது' என்று அவர் சொன்னது ஒரு பிஸ்டலை. நான் வாங்க நினைத்திருந்த என் முதல் பிஸ்டலை.

இத்தாலியின் பாலெர்மோவில் எங்கள் ஆட்கள் வீடு வாங்குகிறார்கள், கார் வாங்குகிறார்கள், மகளின் சாமத்திய வீட்டுக்கு மண்டபம் எடுக்கிறார்கள். பிஸ்டல் வாங்க ஆசைப்பட்ட யாழ்ப்பாணத்துப் பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறு யாரும் இருந்தால் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். ஒரேத்தோப் பகுதியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் மட்டும் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள். விஷயம் வெளியே தெரிந்தால் மாடிக்கு மாடி என் தலைதான் உருளும்.

நான் துப்புரவு வேலை செய்யும் இடங்களில் ஒன்று, நகரத்துக்கு வெளியே இருக்கும் சூட்டுப் பயிற்சித் திடல். ஒருநாள் அங்கே பெண்களுக்கான அறிமுக வகுப்பு நடந்தது. ஒரு ஆள் குறைந்தது. திடலை நடத்தும் கழகத்தின் காரியதரிசி என்னைப் பார்த்துக் கையசைத்தார். மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். சுட்ட பத்து ரவையில் ஏழு குண்டுகள் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. மற்றப் பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. இருபது வருடமாக ஊரார் சட்டைகளை அயன் பண்ணிய கை, நில் என்றால் நிற்கும்.

அன்றைக்குப் பிடித்தது விடவில்லை. மருத்துவச் சான்றிதழ், பயிற்சி வகுப்பு, பரீட்சை என்று ஒவ்வொன்றாக முடித்தேன். ஒரு காலத்தில் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்து வரிசையில் நின்றவள், குடியுரிமை கிடைத்த பிறகு அதே இடத்துக்கு விளையாட்டுத் துப்பாக்கி அனுமதி கேட்டுப் போனேன். பத்திரம் கைக்கு வந்த அன்று சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

எனக்குப் பயம் இல்லையா என்று கேட்பீர்கள். நானும் அந்த நாட்டில், அந்த யுத்த வருடங்களில் வளர்ந்தவள்தான். பயந்து பயந்தே எனக்கு அலுத்துவிட்டது. வகுப்பில் முதல் தடவை பிஸ்டலைக் கழற்றி மேசையில் பரப்பியபோது ஒரு குழாய், ஒரு சுருள் கம்பி, சில ஆணிகள், இரண்டு துண்டு இரும்பு. இவ்வளவுதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பப் பூட்டும்போது என் விரல்களில் எண்ணெய் இருந்தது, மனதில் ஒரு கனம் குறைந்திருந்தது. என் கணவரிடம் இதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு ஏறவில்லை.

ஒரு வருடம் கழகத்தின் பிஸ்டலால் பழகினேன். பிளாஸ்டிக் பிடி, பெட்டி மாதிரி உடம்பு. நன்றாகச் சுடும், குறை சொல்லக்கூடாது. ஆனால் என் கண் போனது பழைய வடிவத்தின் மேல்தான். நூறு வருடத்துக்கு முன்பு யாரோ வரைந்த அமைப்பு. முழு இரும்பு உடல், இரண்டு பக்கமும் வால்நட் மரம், பின்னால் கண்ணுக்குத் தெரியும் சின்னச் சுத்தியல். அதை வரைந்தவருக்கு மனிதக் கையைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிடியைப் பற்றினால் மணிக்கட்டு தானாக நேராகிறது. விசை நேரே பின்னால் வருகிறது, எந்த இடத்தில் விடுபடும் என்று விரலுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. கழகத்தில் ஒருவர் தன்னுடையதை ஐந்து ரவைக்குக் கடன் தந்தார். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. நல்ல தையல் மெசினைக் கண்டாலும் எனக்கு இப்படித்தான் ஆகும்.

அவருடையது பெரிய ரவை போடுவது. அதன் விலைக்கு நான் மூன்று மாதம் தரை துடைக்க வேண்டும். என்னிடம் இருந்தது நடுத்தரமான ஒரு தொகை. கழகத்தில் எல்லோரும் ஆலோசனை சொன்னார்கள், வக்கீல் ஒருவர் மற்றவர்களை விடக் கூடுதலாகச் சொன்னார். "பழைய சாயலில் புதிதாகச் செய்த துப்பாக்கிகள் விளையாட்டுச் சாமான்கள். பழைய பட்டாளத்துத் துப்பாக்கி ஒன்றை வாங்குங்கள். மலிவு, அதோடு அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது." சரித்திரம் என்று அவர் சொன்னபோது அவருடைய கண்கள் பளபளத்தன. நானும் தலையாட்டினேன்.

அந்த நேரத்தில்தான் நான் எழுத வேண்டிய ஒரு கடிதம் குறுக்கே வந்து நின்றது. துப்பாக்கி அனுமதி வைத்திருப்பவர் கூடக் குடியிருக்கும் வயது வந்தவர்களுக்கு அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கத்தைய சட்டம். ஆகவே ஒரு தாளில் எழுதி மகளிடமும் கணவரிடமும் நீட்டினேன். மகள் பல்கலைக்கழகம் போகிறவள். "அம்மா, தாவ்வேரோ? உண்மையாவோ? எனக்கு நீ கத்தரிக்கோலே தரமாட்டாய்" என்று சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். கணவர் வாசித்தார், தாளைச் சீனி டப்பாவுக்குக் கீழே வைத்தார், பிறகுதான் அந்த வசனத்தைச் சொன்னார். சட்டப்படி அவருக்குத் தெரிவித்தால் போதும், சம்மதம் வேண்டியதில்லை. ஆனால் நான் சட்டத்தோடா குடும்பம் நடத்துகிறேன்?

ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு, பார்த்தால் என்ன குற்றம் என்று, வியா மக்வேதா என்ற பெருந்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கும் ஆயுதக் கடைக்குத் தனியாகப் போனேன். கடைக்காரி என் வயதுக்காரி, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தாள். என்னை மரியாதையாக 'சினியோரா' என்றாள். இந்த நகரத்தில் காலையிலிருந்து மாலை வரை அந்தச் சொல்லை மற்றவர்களுக்குச் சொல்லுகிறவள் நான். எனக்குத் திரும்பி வந்தபோது முதுகு தானாக நிமிர்ந்தது.

அவள் பச்சைத் துணி விரித்து நான்கை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றும் காலி என்று திறந்து காட்டிவிட்டுத்தான் கையில் தந்தாள். சுவரில் ஒரு புள்ளியைப் பார், கண்ணை மூடு, கையை உயர்த்து, இப்போது கண்ணைத் திற என்றாள். திறக்கும்போது குறி அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் நின்றால் அது உன் கைக்குப் பொருத்தம், இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடு என்றாள். சுட்டுவிரலின் முதல் மடிப்பு விசையில் சுகமாகப் படிய வேண்டும் என்றாள். ரவையின் விலையையும் யோசி, பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டகத்துக்கும் காசு ஒதுக்கு என்றாள். விற்கிறவள் செலவைக் கணக்குப் பார்க்கச் சொல்லித் தருவதை நான் அங்கேதான் கண்டேன். இரண்டு துப்பாக்கிகளை என் கை தள்ளிவிட்டது. மூன்றாவது, நான் விரும்பிய வடிவத்தில் புதிதாகச் செய்தது, சின்ன ரவை போடுவது. நன்றாகவே பொருந்தியது. ஆனாலும் வக்கீலின் குரல் காதில் இருந்ததால் அதை ஓரமாக வைத்தேன்.

நான்காவதுதான் என்னைப் பிடித்தது. பழைய பட்டாளத்துப் பிஸ்டல். சின்னது, அடக்கமானது. கருநீல மெருகு விளிம்புகளில் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. எண்ணி எண்ணிச் செய்த மாதிரி ஒவ்வொரு பாகமும் மற்றதோடு சேர்ந்தது. கண்ணைத் திறந்தபோது குறி புள்ளியிலேயே நின்றது. விலை என் தொகையில் பாதிகூட இல்லை. சனிக்கிழமை வரைக்கும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, நடந்து வந்தேனா பறந்து வந்தேனா என்று தெரியாமல் வந்தேன்.

அன்று பின்னேரம் கணவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். "பாக்காமலே வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ. ஒருக்கா வந்து பாருங்கோ."

"பாத்திட்டும் வேண்டாம் எண்டால்?"

"அனுமதிப் பத்திரத்தைத் திருப்பிக் குடுக்கிறன். பிறகு இந்தக் கதையே எடுக்கமாட்டன்."

என் முகத்தைப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அந்த வருடம் முழுக்க நான் எனக்கென்று வைத்திருந்த ஒரே சந்தோஷத்தைப் பந்தயமாக மேசையில் வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை கபோ சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனோம். மீன் பையை வாசலோரம் வைக்கச் சொன்னாள் கடைக்காரி. பிறகு பச்சைத் துணியை விரித்து, பட்டாளத்துப் பிஸ்டலை எடுத்து வைத்தாள்.

அது துணியில் பட்டதுதான் தாமதம், என் கணவரின் கை சட்டைப் பைக்குள் போனது. அடையாள அட்டையை எடுத்தார், படம் தெரியும்படி நீட்டினார், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். வாங்குகிறவர் இவர்தான் என்று நினைத்த கடைக்காரி அட்டையை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, பேரேட்டைத் திறந்து பெயரை எழுதத் தொடங்கினாள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. அவர் அந்தக் கடையில் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய ஏதோ ஒரு சோதனைச் சாவடியில் நின்றார்.

அட்டையைத் திருப்பி வாங்கி அவர் கையில் வைத்தேன். "இஞ்சேருங்கோ, இது கடை."

"ஓம், தெரியும்" என்றார். கை தன்பாட்டில் செய்துவிட்டது என்பதில் அவருக்கு வெட்கம்.

கடைக்காரிக்கு இரண்டு வசனத்தில் விளக்கினேன். அவள் எழுதியதை ஒரு கோடு போட்டு வெட்டினாள், பிஸ்டலின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள், அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அவர் உட்காரவில்லை. துணியை நோக்கிக் குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"வடிவாய்த்தான் இருக்கு" என்றார். எனக்கு மூச்சு வந்தது. "இது முந்தி ஆற்றை கையிலை இருந்தது?"

"பட்டாளத்திலை. பழைய உலக யுத்தத்திலை."

"ஆரைச் சுட்டது எண்டு கேளும்."

நான் கேட்டேன். ஒருவரையும் இல்லை என்று கடைக்காரி சொல்லியிருக்கலாம். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "எனக்குத் தெரியாது, சினியோரே. வைத்திருந்தவருக்குத்தான் தெரியும்" என்றாள்.

அவர் தலையாட்டினார். எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. விளிம்புத் தேய்மானத்தை ரசித்தேன், பாகங்களின் சேர்க்கையை ரசித்தேன், சரித்திரம் என்றதும் தலையாட்டினேன். எங்களிடமிருந்து இத்தனை பேரைக் கொண்டுபோன ஒரு நாட்டில் பிறந்தும், இந்த ஒரு கேள்வி எனக்கு வரவில்லை. ஒரு வருடம் பழகிய எனக்கு வராதது, தொடப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற மனிதருக்கு வந்தது. அன்று அவர்மேல் எனக்கு வந்த மரியாதையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

"வேண்டாம் எண்டால் வேண்டாம்" என்றேன். மனதாரச் சொன்னேன். கைப்பையைத் தோளில் மாட்டினேன்.

"பொறும்" என்றார். "ஒரு மனிசருக்கு முன்னாலையும் நீட்டாத ஒண்டு இவவிட்டை இல்லையோ? அதைக் கேளும்."

மெதுவாக மொழிபெயர்த்தேன். கடைக்காரி பட்டாளத்துப் பிஸ்டலைத் துணியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டு, நான் ஓரமாக ஒதுக்கிய புதியதைப் பெட்டியோடு கொண்டுவந்தாள். அதே பழைய வடிவம், வால்நட் மரப் பிடி, சின்ன ரவை. பெட்டகத்தின் விலையையும் சேர்த்தால் என் தொகைக்குச் சரியாக வந்தது. கண்ணை மூடி, உயர்த்தி, திறந்தேன். குறி நின்றது.

பெட்டிக்குள் கையேட்டுக்கு அடியில் மடித்த ஒரு கடதாசி கிடந்தது. கணவர் அதை விரித்தார். வட்டங்கள் வரைந்த இலக்குத் தாள். நடுவில் நெருக்கமாகச் சில துளைகள், கீழே யாரோ ஒருவரின் கையெழுத்து.

"இது என்ன?"

"பக்டரியிலை சுட்டுப் பாத்தது. ஒவ்வொண்டோடையும் வைச்சு அனுப்புவினமாம்."

துளைகளை விரலால் தொட்டு எண்ணினார். ஐந்து. "இதுக்குப் பிறகு?"

"இதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை. இது செய்தது இவ்வளவும்தான்."

தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். ஐந்து துளைக்குள்ளாலும் வெளியே இருக்கும் சந்து தெரிந்திருக்கும். அதைத் திருப்பியும் பார்த்தார், பின்பக்கம் வெறுமை. பிறகு பழைய மடிப்பிலேயே கவனமாக மடித்தார். "அப்ப சரி. வீட்டை கொண்டு வாரும்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரி என் பத்திரங்களை வாங்கி எழுதி முடித்தாள். பிஸ்டலை நான் மட்டும்தான் கொண்டுபோகலாம் என்று சொல்லிப் பெட்டியைப் பூட்டப் போனாள். இலக்குத் தாளையும் உள்ளே வைக்க அவரிடம் கை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை.

"துவக்கு உம்மட்டை இருக்கட்டும்" என்றார் என்னைப் பார்த்து. "இது என்னட்டை இருக்கட்டும்."