பின்னறைக்கு ஒரு வைஃபை

திரையில் காது கேட்காத நோயாளியின் கை சைகையின் நடுவே நெஞ்சுக்கு நேரே போய் அப்படியே நின்றுவிட்டது. வலியா, மூச்சுமுட்டலா, அடுத்த அசைவில்தான் தெரியும். அந்த அசைவு வரவேயில்லை. "என்ன சொல்றாரு? சீக்கிரம் சொல்லுங்க" என்று டாக்டரின் குரல் மட்டும் தங்குதடையில்லாமல் கேட்டது. படம் மறுபடி உயிர் பெற்றபோது நோயாளி கையை இறக்கிவிட்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த கசப்பு அவளுக்குப் பழக்கமானது. காது கேட்காத அம்மாவுக்கு மகளாகப் பிறந்து, கடை, வங்கி, ஆஸ்பத்திரி என்று அம்மாவின் சைகையை ஊருக்கு வாயால் சொல்லியே வளர்ந்தவள் அவள். அதுவே இப்போது, காது கேட்காத நோயாளிகளின் சைகையை வீட்டிலிருந்தே வீடியோவில் டாக்டர்களுக்குச் சொல்லும் வேலையும் ஆகியிருந்தது.

மேற்பார்வைக்காரர் உடனே கூப்பிட்டார். "நாளைக்குக் காலைல ஒரு சோதனை அழைப்பு. அதுலயும் படம் நின்னா உங்க பேரை எடுத்துடுவோம்மா. ஆஸ்பத்திரி விஷயம், விளையாட்டு இல்ல."

படிப்பும் இல்லை, சான்றிதழும் இல்லை. இந்த இடம் போனால் வேறு யார் எடுப்பார்கள்?

வீட்டின் முன்பக்கம் அண்ணனின் வெல்டிங் பட்டறை. இணைய இணைப்பு வந்து முடிவதும் ரவுட்டர் இருப்பதும் அங்கேதான். பட்டறையின் பின்சுவரில் கேட் செய்ய வந்த இரும்புத் தகடுகள் ஆளுயரத்துக்குச் சாய்ந்து கிடந்தன. அந்தப் பக்கம் அடுப்படி, அதையும் தாண்டி அவள் அறை. ஒயர் இழுக்கலாமென்றால், முன்பு இழுத்ததைப் பொறி பறக்கவிட்டு உருக்கியதே அண்ணன்தான்.

"தகட்டைக் கொஞ்சம் நகர்த்தேன் அண்ணா."

"எங்க நகர்த்த? தலையில வெச்சுக்கட்டுமா?"

கடைக்கு ஓடினாள். "ஆறு கொம்பு வெச்ச ரவுட்டர் இருக்கு அக்கா. பாக்கவே மிரட்டும்" என்றான் விற்பனைக்காரன்.

"மிரட்டுறதுக்கு எங்க அண்ணன் இருக்கான். இரும்பைத் தாண்டுமா?"

"அப்ப ரிப்பீட்டர் எடுங்க. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும். பிளக்ல செருகினா வேலை முடிஞ்சுது."

செருகினாள், கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே. சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்தன. பட்டறையில் இருந்த அண்ணனை வீடியோவில் கூப்பிட்டாள். "கேக்குது, கேக்குது! பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு" என்றான் அவன். அவளுக்குப் பாதி உயிர் வந்தது. அப்புறம்தான் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

அவள் கைகள் பேசப் பேச அம்மாவின் புருவம் சுருங்கியது. கடைசியில் அம்மா எழுந்து நேராகப் பின்னறைக்கே வந்து நின்று சைகை செய்தாள்.

"நீ என்ன பொம்மையா? கை ஒரு எடத்துல இருக்கு, அப்புறம் பாத்தா வேற எடத்துல இருக்கு. நடுவுல என்ன சொன்னே?"

குரல் வந்தால் போதும் என்று காது கேட்பவர்கள் நினைத்துவிடுவார்கள். அந்தத் தப்பை, மற்ற யாரும் செய்யலாம், அவள் செய்யலாமா?

மறுபடி கடை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

"கோடெல்லாம் நிறைஞ்சிருக்கு. படம் மட்டும் நிக்குது."

"எங்க செருகினீங்க?"

"கம்ப்யூட்டர் பக்கத்துல."

"அங்கதான் சிக்னலே இல்லையே அக்கா! அதுக்கே கிடைக்காதப்ப உங்களுக்கு எதைக் கொடுக்கும்? நீங்க பாத்த கோடு அதுக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கிறது."

"இதைத் திருப்பி எடுத்துக்கிறீங்களா?"

"பிரிச்ச டப்பாவையா? முதலாளி என்னையும் அதுலயே போட்டு மூடிடுவாரு." அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தது. இரண்டு பெட்டிகள் கொண்ட வேறொரு டப்பாவை எடுத்து வைத்தான். "இது ஜோடி. ரெண்டும் தங்களுக்குள்ள பேசிக்கத் தனி அலை வெச்சிருக்கு. ஆனா ஒண்ணையொண்ணு பாக்கணும். நடுவுல இரும்பு வந்தா இதுவும் வெறும் கல்லுதான்."

"எங்கிட்டயிருந்து படம் போகணும். வர்றது மட்டும் இல்ல, போகணும்."

"போகும்க்கா. வைக்கிற எடத்துல வெச்சா."

நம்பிக்கையில்லாமல்தான் வாங்கினாள். ஒன்றைப் பட்டறையின் பக்கவாட்டு ஜன்னலில் வைத்தாயிற்று. இன்னொன்றை நீளமான கரண்ட் ஒயரில் மாட்டி, கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் அலைந்தாள். பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் அண்ணன் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். பட்டறையில் இருந்து போனில் அதைப் பார்த்த அம்மா, அந்த ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சைகை செய்தாள். "இவன் பேசுறது நேர்ல பாத்தாலே புரியாது. இதுல எதைக் கண்டுபிடிக்க?"

"அம்மா, தயவுசெஞ்சு!" என்று ஒற்றைக் கையால் கெஞ்சினாள்.

"சரி, சரி. தள்ளு. இன்னும். அங்கேயே நில்லு!"

அவள் அறை ஜன்னலுக்கு எதிரே, முற்றத்துச் சுவரின் மேல். அங்கே மட்டும்தான் படம் ஓடியது. பெட்டி ஒரு சாண் நகர்ந்தாலும் படம் நின்றது.

காலையில் மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் கேட் பொருத்தப் போயிருந்தான். பெட்டியை உள்ளே எடுத்தாள், படம் செத்தது. பிளாஸ்டிக் பையால் சுற்றி வெளியே வைத்தாள். காற்று பையைப் பிய்த்துப் போட்டது. அழைப்பு மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. என்ன செய்வதென்றே தெரியாமல் நின்றவளை அம்மா தோளைப் பிடித்து நாற்காலியில் தள்ளினாள். துணி அலசும் பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கி, பெட்டிக்கு மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள்.

சோதிக்கத் திரையில் வந்தவளும் காது கேட்காதவள், விரல்கள் பறந்தன. வயிற்று வலி, எப்போதிருந்து, எந்த மாத்திரை, எது ஒத்துக்கொள்ளவில்லை. இவள் ஒவ்வொன்றையும் மேற்பார்வைக்காரருக்கு வாயால் சொன்னாள். ஒருமுறை படம் நடுங்கியது. ஜன்னலுக்கு வெளியே தொட்டி சாய்ந்து, நிமிர்ந்தது. படம் நிற்கவில்லை.

"தெளிவா இருக்கு" என்று சைகை காட்டினாள் சோதித்தவள். "உங்க பேர் இருக்கும்."

முற்றத்துக்கு ஓடினாள். இரண்டு கையும் தொட்டியில் இருந்ததால் அம்மாவால் சைகையில் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. நனைந்த முகம் மட்டும் கேட்டது. மகள் தொட்டியைத் தாங்கிக்கொண்டாள். விடுபட்ட கைகள் குளிரில் விறைத்து, தடுமாறித் தடுமாறிப் பேசின. "படம் நின்னுச்சா?"

இல்லையென்று தலையசைத்தாள். அதற்குள் உள்ளே மணி அடித்தது. அடுத்த நோயாளி. அம்மாவுக்கு மணி கேட்கவில்லை. மகளின் முகம் திரும்பியதைப் பார்த்தாள். தொட்டியைப் பிடுங்கிக்கொண்டு, மோவாயால் அறையைக் காட்டினாள்.